மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டு போன பையன்

முதல் நாள், மதுரை

சொக்கப்ப நாயக்கன் தெருவுக்கு இரண்டு பேரிடம் வழி கேட்டோம். முதல் ஆள் நடந்தபடியே கையை நீட்டிக் காட்டினார். இரண்டாவது ஆள் கூடவே வந்து ரமண மந்திரம் என்ற வீட்டின் வாசலில் எங்களை விட்டார். "மாடிக்குப் போங்கள். பலபேர் கீழேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்" என்று எச்சரித்துவிட்டும் போனார்.

மாடி அறை சின்னது. 1896 ஜூலை மாதத்தின் நடுவில், வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் இந்த வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். தகப்பனார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இது அவனுடைய சித்தப்பா வீடு. உடம்பில் ஒரு நோயும் இல்லாதபோது, 'சாகப்போகிறேன்' என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் மருத்துவரைத் தேடவில்லை, பெரியவர்களைக் கூப்பிடவும் இல்லை. கைகால்களை நீட்டிப் பிணம்போலப் படுத்தான். உதட்டை இறுக மூடிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்த்தான். சரி, உடம்பு செத்துவிட்டது. தூக்கிக்கொண்டு போய் எரித்துவிடுவார்கள். அதோடு நானும் செத்தேனா? இல்லையே, இந்த உடம்பு கட்டையாகக் கிடப்பதுகூட எனக்குத் தெரிகிறதே! இவ்வளவுதான் நடந்தது. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அழைத்த மனிதருக்குப் பாடத்திட்டம் அன்றோடு முடிந்தது.

அதே அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முழங்கால்தான் வலித்தது.

நான் ஏன் கிளம்பினேன் என்று சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகள் அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் பிழை திருத்தியவன் நான். போன ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டினேன். இருபது ஆண்டுகளாக நான் காத்திருந்த நாள் அது. வங்கியிலிருந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது தரையில் கால் பாவவில்லை. அந்தச் சந்தோஷம் மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் காலையில் எழுந்தபோது, சுவரில் ஒரு விரிசல் கண்ணில் பட்டது. மகளுக்குக் கல்யாணம் முடிந்தபோதும் இப்படித்தான் நடந்தது, அதற்கு ஒரு வாரம் பிடித்தது. இந்தக் கணக்கில் எங்கேயோ அடிப்படையிலேயே பிழை இருக்கிறது என்று தோன்றியது. பிழை என்றால் எனக்குச் சும்மா இருக்க முடியாது.

உடன் வந்திருப்பவர் என் சித்தப்பா. வயது 74. ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆன்மிகத்தில் அவருக்கு ஆர்வம் கிடையாது. "அந்தப் பையன் போன பாதையிலேயே போகப்போகிறேன்" என்று நான் சொன்னதும், "எந்த லைன்?" என்று கேட்டார், வந்துவிட்டார்.

இரவு. தூக்கம் வரவில்லை, அதனால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வேங்கடராமன் வீட்டை விட்டுக் கிளம்பியது ஆகஸ்ட் 29. இலக்கணப் பாடத்தைப் படிக்காததற்குத் தண்டனையாக அதை மூன்று முறை எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு முறை முடிந்தது, மூன்றாவது முறை கை ஓடவில்லை. தாள்களை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடிவிட்டான். "இப்படிப்பட்டவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் அண்ணன். தம்பிக்கும் அது நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று எழுந்தான். "பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொண்டு போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு" என்று வழிச்செலவுக்கும் அண்ணனே ஏற்பாடு செய்துகொடுத்தார். தம்பி மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கடிதத்தின் நகலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். 'நான் என்னுடைய தகப்பனாரைத் தேடிக்கொண்டு' என்று முதல் வரி தொடங்குகிறது. அடுத்த வாக்கியம்: 'இது நல்ல காரியத்தில்தான் பிரவேசித்திருக்கிறது.' அச்சுக்கு வந்திருந்தால் நான் அந்த 'இது'வைச் சுழித்து, ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பேன். எழுவாய் மாறிவிட்டது. 'நான்' எப்படி ஒரே வரி இடைவெளியில் 'இது' ஆகும்? கடைசியில் 'இப்படிக்கு' போட்ட இடத்தில் பெயர் இல்லை. ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது.

முப்பது ஆண்டுத் தொழிலில் நான் திருத்தக்கூடாது என்று விட்டுவைக்கும் முதல் பிழை இதுதான்.

இரண்டாம் நாள், விழுப்புரம் வழியாகத் திருக்கோவிலூர்

மதுரையிலிருந்து ரயில் கிளம்பி அரை மணி நேரத்தில் சித்தப்பா தூங்கிவிட்டார். ஜன்னலோரம், வாய் லேசாகத் திறந்திருக்க, மடியில் குடை. திருச்சியில் கூட்டம் ஏறியது. ஒரு குழந்தை அவர் காலை மிதித்துக்கொண்டு போனது. அசையவில்லை. வெகுநேரம் கழித்துக் கண் விழித்து, "நல்ல தூக்கமடா. ஒன்றுமே தெரியவில்லை" என்றார்.

நான் காத்துக்கொண்டிருந்த இடம் அது. "ஒன்றுமே தெரியவில்லை என்றால், நல்ல தூக்கம் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது?"

"நீ என்ன டிக்கெட் பரிசோதகரா? தூக்கத்துக்குள் வந்து கேட்கிறாயே!"

எதிர் இருக்கையிலிருந்த அம்மாள் சிரித்துவிட்டார். ஆனால் நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. 'நான் யார்?' என்ற சிறு நூலில் ரமணர் தொடங்குகிற இடமே இதுதான். துக்கம் கலக்காத சுகத்தைத்தான் எல்லா உயிரும் தேடுகிறது. மனம் ஒடுங்கிய தூக்கத்தில் அந்தச் சுகம் நாள்தோறும் நமக்குக் கிடைத்துக்கொண்டும் இருக்கிறது. அது வெளியிலிருந்து வரவில்லை, நம்முடைய இயல்பே அதுதான். ஆகவே தன்னை அறிந்தால் போதும் என்பது அவருடைய வாதம். முதல் முறை படித்தபோது நான் இதை ஏற்கவில்லை. தூக்கம் என்பது மூளைக்கு ஓய்வு, இதில் ஆன்மா எங்கே வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். இன்றைக்குச் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டே வந்தபோது வேறொன்று தோன்றியது. தூக்கத்தில் அவருக்குப் பென்ஷன் இல்லை, பேரன் இல்லை, சித்தியின் நினைவு இல்லை, தன் பெயர்கூட இல்லை. எல்லாவற்றையும் இழந்த ஒருவர் அழுதுகொண்டல்லவா எழுந்திருக்க வேண்டும்? 'நல்ல தூக்கம்' என்கிறார். நாம் எல்லோரும் ராத்திரி ஆனால் சம்பாதித்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குப் போகத் துடிக்கிறோம். போகவிடாமல் ஒரு கொசு தடுத்தால்கூட எவ்வளவு கோபம் வருகிறது!

விழுப்புரத்தில் வண்டி மாறினோம். பையனின் பயணச் செலவை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். சித்தப்பா அதை வாங்கிச் சரிபார்த்தார். கையில் 3 ரூபாய். பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனம்தான் பக்கம் என்று முடிவுசெய்து வாங்கிய டிக்கெட் 2 ரூபாய் 13 அணா (அன்றைக்கு ரூபாய்க்கு 16 அணா). மீதி 3 அணா. வழியில் திருச்சியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய். மீதி இரண்டரை அணா. திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று வண்டியில் ஒரு மௌல்வி சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் சாப்பிட்ட இடத்தில், அந்த இரண்டரை அணாவை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காசுக்கு எதுவரை டிக்கெட் கிடைக்கும்? மாம்பழப்பட்டு வரை.

"மாம்பழப்பட்டோடு இறங்கினானா?" என்றார் சித்தப்பா.

"இறங்கி நடந்தார்."

"டிக்கெட் இல்லாமல் ஒரு ஸ்டேஷன்கூடத் தாண்டவில்லை?"

"இல்லை."

சித்தப்பா தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "பெரிய ஆள்தான்" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு மகானைப் பற்றி இப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

மாம்பழப்பட்டில் வண்டி நின்ற சிறிது நேரத்துக்குள் சாமான்களை இறக்கியாக வேண்டும். எங்களுடையது நான்கு உருப்படி. நடைமேடையில் சித்தப்பா எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினார். மூன்று. வண்டி நகரத் தொடங்கிவிட்டது. "தண்ணீர்ப் பாட்டில் இருந்த பை வண்டியிலேயே போய்விட்டதடா!" என்று பதறினார். அந்தப் பை அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று அழுத கதையை நான் எடுக்கப் போனேன். "தெரியும். பேசாமல் வா" என்றார்.

அங்கிருந்து நடப்பதாகத்தான் திட்டம். வெயிலும் என் முழங்காலும் சேர்ந்து அதை மாற்றின. பையன் பசியோடு நடந்து மாலையில் சேர்ந்த தூரத்தை நாங்கள் ஆட்டோவில் கடந்தோம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அறையணிநல்லூர் என்று தேவாரத்தில் வரும் ஊர் இப்போது அரகண்டநல்லூர். தென்பெண்ணையின் கரையில் பாறைமேல் கோயில். இங்கிருந்து அண்ணாமலை தெரியும், சம்பந்தர் கண்டு பாடினார் என்பது ஐதிகம். நாங்கள் போனபோது வடமேற்கே மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. இருட்டும்வரை நின்று பார்த்தேன்.

"மலை எங்கே போய்விடப்போகிறது? கீழே இறங்கு, படி தெரியவில்லை" என்றார் சித்தப்பா.

ஆற்றைத் தாண்டினால் கீழையூர் வீரட்டேசுவரர் கோயில். அங்கே மேளக்காரர் ஒருவர் தன் பங்குச் சோற்றைப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. ஒரு பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை அவரிடமே நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். கடுக்கன் இருபது ரூபாய் பெறும். மீட்பதற்காக முகவரி எழுதிய சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டான். தெருவைத் தாண்டியதும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டான்.

மூன்றாம் நாள், திருவண்ணாமலை

முதலில் நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். பையன் பேரிக்காயைச் சாப்பிட்டுப் பசியாறினான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு கடி கடித்ததும் பசியே போய்விட்டது என்றுதான் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

விடுதியில் எங்களுக்கு ஒதுக்கிய அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் வரவேற்பறை நாற்காலியில். மனத்துக்கு அப்பாற்பட்ட ஆனந்தத்தைத் தேடி வந்தவன் போட்ட சத்தத்தில் சித்தப்பா வெளியே போய் நின்றுகொண்டார். கடைசியில் மூன்றாம் மாடியில் ஒரு அறை கிடைத்தது, லிஃப்ட் இல்லை. பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வந்த நோக்கம், கையெழுத்து. இத்தனை கட்டங்கள்! நோக்கம் என்ற இடத்தில் மேலே எழுதியிருந்தவர்கள் எல்லோரும் 'தரிசனம்' என்று எழுதியிருந்தார்கள். நானும் அதையே எழுதினேன்.

படிக்கட்டில் ஒரு பலகை: 'வென்னீர் காலை 5 முதல் 7 வரை.' வெந்நீர் என்பதுதான் சரி. மூன்று மாடியும் ஏறி முடிக்கும்வரை அது என்னை விடவில்லை.

மாலையில் பெரிய கோயில். 217 அடி உயர ராஜகோபுரத்தின் கீழே மனிதர்கள் எறும்பாகத்தான் தெரிகிறார்கள். 1896 செப்டம்பர் 1 காலையில் பையன் வந்தபோது கருவறை வரைக்கும் கதவுகள் திறந்திருந்தனவாம், உள்ளே ஒருவரும் இல்லை. எங்களுக்கு இரண்டு மணி நேர வரிசை. அவர் வெளியே வந்து அய்யன்குளத்தில் கையிலிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தை எறிந்தார். தலைமுடி போயிற்று, பூணூல் போயிற்று. வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டார். அதன் பிறகு வாழ்ந்த 53 ஆண்டுகளில் இந்த ஊரை விட்டு வெளியே போகவில்லை.

ஆயிரங்கால் மண்டபத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாட்களில் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். தப்பிக்கப் பாதாள லிங்கக் குழிக்குள் இறங்கினார். அங்கே பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. அவருக்குத் தெரியவில்லை, பிறர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதை அதிசயமாகச் சொல்வார்கள். எனக்கு அதிசயத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. அவரே பிறகு இதை எவருக்கும் வழியாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். உடம்பை வருத்து, வீட்டை விடு, காவி கட்டு என்று கேட்டவர்களிடம் அவர் சொல்லவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டே உன்னைப் பார் என்றுதான் சொன்னார்.

நான்காம் நாள், மலை

ரமணாசிரமத்தின் பின்வாசலிலிருந்து கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை. காலையிலேயே ஏறினோம். சித்தப்பா எனக்கு முன்னால் போய், வளைவுகளில் நின்று திரும்பிப் பார்த்தார். ஒரு திருப்பத்தில் ஊரும் கோயிலும் மொத்தமாகக் கண்ணுக்கு அடியில் விரிந்தன. நாலு பக்கக் கோபுரங்களும், நடுவில் பிராகாரங்களும், செங்கல் அடுக்கிய விளையாட்டுச் சாமான்போல. நேற்று இரண்டு மணி நேரம் நின்று களைத்த வரிசை அதற்குள் எங்கேயோ இருக்க வேண்டும்.

1916 முதல் 1922 வரை ரமணர் கந்தாசிரமத்தில் இருந்தார். தாயார் அழகம்மாள் மகனோடு இருக்க வந்து, 1922 மே 19 அன்று இங்கேதான் இறந்தார். நாள் முழுக்க மகன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையைத் தாயின் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்திருந்தார். ஓடிப்போன பிள்ளை. என் அம்மா போன ஆண்டு மருத்துவமனையில் போனபோது நான் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அறையின் வாசற்படியில் கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. சுனைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு கீழே இறங்கினோம்.

விரூபாட்ச குகை சற்றுக் கீழே. 1899 முதல் 1916 வரை வாசம். உள்ளே வெதுவெதுப்பு. விளக்கு ஒன்று, ஐந்தாறு பேர். இங்கே அவர் பேசாமல் இருந்த காலத்தில்தான், 1901, 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் வந்தார். தத்துவம் படித்தவர். 'நான் யார்?' என்று தொடங்கி அவர் அடுக்கிய கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிறகு 1923இல் நூலாக அச்சேறின. முதல் பிரதி மணலில், எழுதியவருக்கு வயது இருபத்திரண்டு! பிழை திருத்துகிறவன் கைக்கு வருவதற்கு முன்னால் காற்று திருத்தியிருக்கும்.

இந்த வழியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவிக் கிடக்கிறது. குகையில் என் பக்கத்தில் இருந்த இளைஞர் உதடு அசைய 'நான் யார், நான் யார்' என்று ஜபித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன், நூற்றெட்டு முறை எண்ணிக்கூட. அது மந்திரம் அல்ல. விடை சொல்லவேண்டிய விடுகதையும் அல்ல. 'நான் ஆத்மா', 'நான் பிரம்மம்' என்று பதில் எழுதினால் அதுவும் ஓர் எண்ணம்தான், மதிப்பெண் கிடையாது. அவர் காட்டியது வேறு. ஓர் எண்ணம் எழுகிறது. அதைத் துரத்தவும் வேண்டாம், அதன் பின்னால் போகவும் வேண்டாம். இது யாருக்கு எழுந்தது என்று பார். எனக்கு. அந்த 'எனக்கு' என்கிறவன் யார் என்று கவனத்தை அவன் பக்கம் திருப்பு. திருப்பினால் எண்ணம் அடங்கும். அடுத்தது எழும். அதற்கும் அதேதான். மனம் என்று தனியாக ஒரு பொருளே இல்லை, எண்ணங்களின் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். அத்தனை எண்ணங்களுக்கும் முதல் எண்ணம் 'நான்'. அந்த முதல் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது எங்கிருந்து கிளம்பியதோ அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தானும் அடங்கிவிடும் என்கிறார்.

சொல்ல எளிது. குகையிலிருந்து இறங்கும் வழியில் ஒரு குரங்கு சித்தப்பாவின் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கியது. பயம் யாருக்கு எழுந்தது என்று கேட்க எனக்கு நேரமில்லை.

ஐந்தாம் நாள், பழைய கூடம்

அதிகாலையில் சித்தப்பா தனியாகக் கிரிவலம் போய்விட்டார். 14 கிலோமீட்டர், வெறுங்கால். "நீ உட்காருவதற்குத்தானே வந்தாய், உட்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேலியா, அனுமதியா என்று தெரியவில்லை.

ரமணாசிரமத்தின் பழைய கூடத்தில் ரமணர் சாய்ந்திருந்த சோபா இருக்கிறது, அதன்மேல் அவருடைய படம். எதிரே தரையில் பாய்கள். சுவரோரம் பிடித்து உட்கார்ந்தேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதலில் முழங்கால். யாருக்கு வலி? எனக்கு. பிறகு, மின்கட்டணம் கட்டினேனா? யாருக்கு? எனக்கு. பிறகு 'வென்னீர்'. உண்மையாகவே வென்னீர்! இத்தனை புனிதமான இடத்தில், கண்ணை மூடியதும் அந்தப் பலகை, அந்த இரண்டு சுழி 'ன்'. யாருக்கு இது எழுந்தது? எனக்கு. சரி, 'எழுந்தது' சரியா, 'தோன்றியது' சரியா? கேள்வியையே நான் திருத்திக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஏதோ தளர்ந்தது. வெளியே மயில் அகவியது. வழக்கமாக ஒரு சத்தம் கேட்டால் எனக்குள்ளிருந்து ஓர் ஆள் உடனே பேசுவான்: மயில், பெரியது, அருகில், இடைஞ்சல். அந்த ஆள் பேசவில்லை. மயில் அகவியது, அவ்வளவுதான். மின்விசிறி ஓடியது. யாரோ பாயைச் சுருட்டினார்கள். எல்லாம் கேட்டது. கேட்டதற்கு ஒருவரும் குறிப்பு எழுதவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. பிறகு, 'ஆகா, எண்ணமே இல்லை' என்று ஓர் எண்ணம் தலையைத் தூக்கியது. கதை முடிந்தது.

ஆனாலும் வெளியே வந்தபோது, வங்கியிலிருந்து பத்திரம் வாங்கிய அன்று இருந்ததைவிட நூறு மடங்கு லேசாக இருந்தேன். நாவல் நிறத்தில் தோகையை இழுத்துக்கொண்டு ஒரு மயில் முற்றத்தைக் கடந்தது. இனிமேல் எதுவும் என்னை அசைக்காது என்று மனதார நம்பினேன். இருபது நிமிடம் கழித்துக் கைபேசி அடித்தது. வீட்டில் குழாய் உடைந்து கூடத்தில் தண்ணீர். குழாய்க்காரரோடு சாலையோரத்தில் நின்று நான் சண்டை போட்டதை ஊரே பார்த்திருக்கும்.

அந்த ஆனந்தம் போய்விட்டது. நான்காம் நாள் விரிசல், இப்போது இருபதாம் நிமிடத்திலேயே.

கங்கைக்கரை யோகி ஒருவரைப் பற்றி ரமணர் சொல்லும் கதை நினைவுக்கு வந்தது. யோகி சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், அவன் வருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். பல தலைமுறைகள் கழிந்தன. சீடன் இல்லை, அரசுகள் மாறிவிட்டன. யோகி கண் திறந்ததும் முதல் சொல்: "தண்ணீர் எங்கே?" மனம் அமுங்கியிருந்ததே தவிரக் கரையவில்லை. எந்த எண்ணத்தில் விட்டதோ அதே எண்ணத்தில் எழுந்தது. மூச்சை அடக்கியோ வேறு எதனாலோ வரும் அமைதி இப்படித்தான், அங்கேயே நின்றுவிடாதே என்று எச்சரிக்க அவர் இதைச் சொல்லுவார். எனக்கும் தண்ணீர்தான் பிரச்சினை, குழாய்த் தண்ணீர்.

இந்த ஊர்ச் சுவர்களில் ஆனந்தத்துக்கு எத்தனையோ விளம்பரங்கள், வார வகுப்பு, மாத வகுப்பு. எல்லாவற்றிலும் 'அடையலாம்' என்ற சொல் இருக்கிறது. எனக்கு அந்தச் சொல்மீது இப்போது சந்தேகம் வந்துவிட்டது. புதிதாக அடைகிற எதுவும் ஒருநாள் போகும் என்று அவரே வந்தவர்களிடம் சலிக்காமல் சொன்னார். பத்திரமும் அடைந்ததுதான், காலையில் கூடத்தில் கிடைத்ததும் அடைந்ததுதான். இரண்டும் வந்த கதவு வழியாகவே போய்விட்டன.

இரவு பத்து மணிக்கு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மலை கறுப்பாக எதிரே நிற்கிறது. காலையில் அமைதி வந்தது எனக்குத் தெரிந்தது. அது போனதும் தெரிந்தது. குழாய்க்காரரிடம் கத்திக்கொண்டிருந்தபோது, கத்திக்கொண்டிருக்கிறேன் என்பதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அமைதி போனபோது கூடவே அந்தத் தெரிதலும் போயிருந்தால், போய்விட்டது என்று இங்கே எழுத ஆள் இல்லை. 56 ஆண்டுகளாக நான் வருவதையும் போவதையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். மாம்பழப்பட்டு நடைமேடையில் சித்தப்பா எண்ணிய மாதிரி.

இதை எழுதும்போது தெளிவாக இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு வெந்நீர் வராவிட்டால் இருக்குமா என்று பார்க்க வேண்டும்.

சித்தப்பா எப்போதோ வந்து படுத்துவிட்டார். பாதத்தில் இரண்டு கொப்புளம். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "எட்டு லிங்கமும் வரிசையாக ஸ்டேஷன் மாதிரி வருகிறது. நன்றாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள்" என்றார். அடுத்த நிமிடம் குறட்டை.

ஆறாம் நாள், கிளம்புகிறோம்

வெந்நீர் வந்தது.

விடியற்காலை மேகமே இல்லை. மாடியிலிருந்து மலை முழுதாகத் தெரிந்தது, உச்சியிலிருந்து அடிவாரம் வரை, பாறையும் புதருமாக. சித்தப்பா பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தார். "அன்றைக்கு அரகண்டநல்லூரில் இதற்காகவா அவ்வளவு நேரம் நின்றாய்?" என்றார்.

"ஆமாம்."

"இருந்ததுதானே அங்கே" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

பஸ் ஏழரைக்கு. சாமான்களை இறக்கி, நான்கு உருப்படி எண்ணி (தோளையும் சேர்த்து), சாவியைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். சித்தப்பா ஆட்டோவில் ஏறியே விட்டார். பின்னாலிருந்து விடுதிப் பையன் கூப்பிட்டான்.

"சார், சார்! பதிவேட்டில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்தை விட்டுவிட்டீர்கள்."

திரும்பிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். கிளம்பும் நேரம், தேதி, அறை எண், எல்லாம் என் கையால் எழுதியிருந்தது. கடைசிக் கட்டம் காலி. ஞானம் கீனம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுத் தொழிலில் என் கண்ணுக்கு ஒரு கட்டம் தப்பியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பேனா இருக்கிறதா?" என்று கேட்டேன். பையன் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.